ஆர்ட்வெனியைப் பிடித்த அத்தை

ஆர்ட்வெனி கோட்டையில்தான் கல்யாணம் என்று கிரேர் சொன்ன நாளிலிருந்து அவளுடைய அத்தை இஷ்பெல் கில்ராய் உர்ரென்று இருந்தாள்.

"வேற எடமே கிடைக்கலயாடி உனக்கு?"

"நூறு பேருக்கு மேல வர்றாங்க அத்தை. மழையில நனையாம எங்க உக்கார வைக்கிறது?"

"கூடாரம் போடு."

"போட்டா காத்துல பறந்து ஸ்கை தீவுல போய் விழும். அப்பறம் விருந்தாளிங்களையும் அங்கதான் போய்த் தேடணும்."

கிரேர் சொன்னதும் நியாயம்தான். அந்தக் கடற்கழிக் கரையில் பெரிய கூடம் என்று இருப்பது கோட்டை ஒன்றில்தான். ஒரு காலத்தில் அதில் படை இருந்தது. பிறகு ஆடுகள் இருந்தன. யுத்த சமயத்தில் கடற்படைக்காரர்கள் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். இப்போது கல்யாணங்கள். கோடை முழுக்க வாரம் தவறாமல் யாராவது ஒரு பெண் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினாள். கல்யாணம் இல்லாத நாட்களில் சுற்றுலாக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கோட்டையைக் காட்டிக் கதை சொல்வது அதன் சொந்தக்காரன் நினியன் ஹால்ட்ரம்.

அந்தக் கதைதான் இஷ்பெலின் தொண்டையில் சிக்கிய முள்.

கோட்டையைக் கட்டியவர்கள் கில்ராய்கள். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் அது ஹால்ட்ரம்களின் கைக்குப் போனது. எப்படிப் போனது என்பதற்கு நினியன் ஒரு கதை வைத்திருந்தான். ஹால்ட்ரம் படை வந்து கோட்டையை வளைத்துக்கொண்டதாம். கில்ராய்களின் தலைவன் செந்தாடி ரோரி வாளை எடுக்கவில்லையாம். பெண்டாட்டியின் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மாடிக் கக்கூஸ் ஓட்டை வழியாக வழுக்கி இறங்கி, கரையோடு கரையாக ஓடியே போய்விட்டானாம். சொல்லிவிட்டு நினியன் அந்த ஓட்டையைக் காட்டுவான். சுவருக்குள் குடைந்த சின்ன அறை, ஒரு கல் இருக்கை, அதன் நடுவில் வட்டமாக ஒரு துளை. குனிந்து பார்த்தால் கடற்காற்று முகத்தில் அடிக்கும். பார்ப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வாசல் கடையில், ஓட்டையிலிருந்து இரண்டு மயிர்க்கால்கள் தொங்கும் படம் போட்ட காப்பிக் கோப்பைகள் நன்றாக விற்றன.

இஷ்பெல் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். "கில்ராய் ஆன்ட்டி, அவசரம்னா அடி வழியா எறங்கிக்கலாமா?" என்று பின் இருக்கையிலிருந்து குரல் வரும். இந்தப் பிள்ளைகளின் அப்பாக்களும் பிள்ளைகளாக இருந்தபோது அதே பஸ்ஸில் இதையேதான் கேட்டார்கள். ஒரு சொல்லைக்கூட மாற்ற அவர்களுக்குத் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று காலை கிரேர் அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள். நினியன் மாமா என்ன சொன்னாலும் காதுல வாங்காதே. யார் மேலயும் கை வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"யார் மேலயும் கை வைக்க மாட்டேன்" என்று இஷ்பெல் சத்தியம் செய்தாள். அதைத் தான் மீறவே இல்லை, கதவு மேல்தானே கை வைத்தேன் என்று பிற்பாடு அவள் சாதித்தாள்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. கடலோரப் புல்வெளியில் கிரேரும் ஸ்ட்ரூவனும் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். இஷ்பெலின் தம்பி டூகல்ட் மகளுக்காக அழுதான். பைப் வாத்தியக்காரன் தோல் பையை அமுக்கி ஊதினான். பொடிக்கொசு எல்லோரையும் பாரபட்சமில்லாமல் கடித்தது. அத்தோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறதே என்று நினியன் மாப்பிள்ளை வீட்டாரை மாடிக்குக் கூட்டிப் போனான். பெண் வீட்டு ஆள் என்று இஷ்பெலும் கூடப் போக வேண்டியதாயிற்று.

நினியன் கதையை ஆரம்பித்தான். இன்று கில்ட் என்னும் கட்டம் போட்ட ஆண்கள் பாவாடையும் வெள்ளிக் கொக்கியுமாக நின்றதால் குரலில் கூடுதல் மிடுக்கு. ரோரி பாவாடையைத் தூக்கிச் செருகும் இடத்தில் தன் கில்ட்டையே கொஞ்சம் தூக்கிக் காட்டினான். கூட்டம் கைதட்டியது. மாப்பிள்ளையின் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இஷ்பெலிடம் திரும்பினாள்.

"ஏங்க, அந்தப் பாவாடைக்காரர் உங்க வம்சமா? அதான் பொண்ணுக்குக் கவுன் இவ்வளவு பொருத்தமா இருக்கு!"

அந்த அம்மாள் பிரியமாகத்தான் சொன்னாள். இஷ்பெலும் சிரித்து வைத்தாள். ஆனால் கழுத்துவரை சூடு ஏறிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வெயில் வந்தது. போட்டோ பிடிப்பவர், வெயில் போவதற்குள் வாருங்கள் வாருங்கள் என்று எல்லோரையும் வெளியே விரட்டினார். ஷூ கடிக்கிறது, நீங்கள் போங்கள் என்று இஷ்பெல் பின்தங்கினாள். கூடத்தில் மேஜைகள் தயாராக இருந்தன. சமையற்காரி மோர்னா சூப் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசற்கதவுக்குப் பக்கத்தில், ஆணியில், முழங்கை நீளச் சாவி தொங்கியது. சுற்றுலாக்காரர்கள் கையில் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளும் சாவி. வெறும் அலங்காரம் இல்லை, இப்போதும் பூட்டும் என்று நினியன் பெருமையாகச் சொல்லுவான்.

இஷ்பெல் எட்டிப் பார்த்தாள். அத்தனை பேரும் புல்வெளியில், கோட்டைக்கு முதுகு காட்டி, கடலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நினியன் நடுவில்.

பஸ் கதவை இழுத்து மூடிப் பழகிய கை. வாசலின் இரும்புக் கிராதிக் கதவு கிறீச்சிட்டு வந்து பொருந்தியது. சாவி திரும்பியது.

"என்ன பண்றே?" என்றாள் மோர்னா.

"கோட்டையைப் பிடிக்கிறேன். உனக்கு ஆட்சேபணை உண்டா?"

மோர்னா யோசித்தாள். அன்று காலைதான் நினியன் அவளுடைய சூப்பில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். "இல்ல" என்றாள். "பின்னால அவசரக் கதவு ஒண்ணு இருக்கு. ஆனா அது உள்ள இருந்துதான் தெறக்கும்."

"அப்ப இன்னும் நல்லது."

முதலில் வந்தது மழைதான். புல்வெளியில் இருந்தவர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்து, மூடிய கிராதியில் வரிசையாக மோதி நின்றார்கள். நினியன் கம்பிகளைப் பிடித்து உலுக்கினான்.

"இஷ்பெல்! காத்துல சாத்திக்கிச்சா?"

"இல்ல. நான்தான் சாத்தினேன். கோட்டை இப்ப கில்ராய் கையில."

"விளையாடாதே. எல்லாரும் நனையறாங்க."

"உங்காளுங்க பிடிச்சப்ப நாங்களுந்தான் நனைஞ்சிருப்போம். இன்னிக்கு நாங்க பாவாடையோட உள்ள இருக்கோம், நீ பாவாடையோட வெளிய நிக்கறே."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அது மாப்பிள்ளையின் பெரியம்மா.

"உனக்கு என்னதான் வேணும்?"

"ரோரி ஓட்டை வழியா ஓடலன்னு சொல்லு. இத்தனை பேர் முன்னாடியும் சொல்லு. சொல்லிட்டு உள்ள வந்து சூப் குடி."

"நடந்ததை நான் எப்படி மாத்திச் சொல்றது? சரித்திரம், இஷ்பெல்!"

"அப்ப சரித்திரத்தோட வெளியவே நில்லு."

விருந்தாளிகளில் ஒருவர் போலீஸ்காரர். நினியன் அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தான். அவர் கிராதியையும் பார்த்தார், இஷ்பெலையும் பார்த்தார். "நான் லீவுல இருக்கேன்" என்றார். "அதுவுமில்லாம இது முன்னூறு வருஷத்துக் கேஸ். என் ஸ்டேஷன்ல எடுக்க மாட்டாங்க."

கிரேர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தலையில் மாப்பிள்ளையின் கோட்டு.

"அத்தை! சத்தியம் பண்ணினியே!"

"யாரையும் தொடலடி கண்ணு. நீ மட்டும் வேணா உள்ள வா. கல்யாணப் பொண்ணு நனையக் கூடாது."

"நான் மட்டும் எப்படி வர்றது? புருஷனை வெளிய விட்டுட்டா?"

கிரேர் கோபமாகத்தான் கேட்டாள். ஆனால் உதடு துடிப்பது கோபத்தினாலா என்று இஷ்பெலுக்குச் சந்தேகமாக இருந்தது. இந்தப் பெண்ணும் அதே பஸ்ஸில் அதே கிண்டலைக் கேட்டு வளர்ந்தவள்தான்.

ஸ்ட்ரூவன் நல்ல பையன். பசிதான் தாங்க மாட்டான். இஷ்பெல் மாடிக்கு ஏறி ஜன்னலில் நின்றதும், கொஞ்சம் பின்னால் போய் அண்ணாந்து கூவினான். "அத்தை! விஸ்கி மேஜை எங்க பக்கம் இருக்கு. சாப்பாடு உங்க பக்கம் இருக்கு. ஒரு கூடை இறக்கினா ரெண்டு பேருக்கும் நல்லது!"

மோர்னா ரொட்டிக் கூடையில் கயிற்றைக் கட்டினாள். சால்மன் இறங்கியது, விஸ்கி ஏறியது. ஓட்ஸ் பிஸ்கெட் இறங்கியது, இன்னொரு விஸ்கி ஏறியது. ஒரு மரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. பைப்காரன் நனைந்த பையை அமுக்கி ஊத ஆரம்பித்தான். யாருக்கும் இப்போது அவசரம் இல்லை. நினியன் ஒருத்தன்தான் முற்றுகைக்கு வெளியே தனியாக முற்றுகையிட்டுக்கொண்டிருந்தான்.

"எதிரிக்குச் சோறு போடறீங்களே, இது என்ன போர்?" என்று அவன் ஸ்ட்ரூவனிடம் கத்துவது இஷ்பெலுக்குக் கேட்டது.

அவள் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். விஸ்கி வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

"டேய் நினியன்! ஒரு வழி சொல்றேன். ரோரி அந்த ஓட்டை வழியா எறங்கினான்னுதானே சொல்றே? எறங்க முடிஞ்சா ஏறவும் முடியும். நீ ஏறி வா. மேல வந்துட்டேன்னா சாவி உன் கையில. இனிமே நீ பாவாடை என்ன, ஜாக்கெட்டே போட்டுக் கதை சொன்னாலும் நான் வாயைத் தெறக்க மாட்டேன்."

மரத்தடியில் அத்தனை முகமும் நினியன் பக்கம் திரும்பின.

"தாராளமா!" என்றான் நினியன். வேறென்ன சொல்ல முடியும்? சற்று முன்தானே இவர்கள் முன்னால் அதைச் சத்தியமாகச் சொல்லியிருந்தான்.

கடல் பக்கச் சுவரின் அடியில் அந்தத் துளை வாய் திறந்திருந்தது. மேல்சட்டையைக் கழற்றி டூகல்ட்டிடம் கொடுத்துவிட்டு நினியன் தலையை உள்ளே விட்டான். கைகள் போயின. தோள் போயிற்று. கூட்டம் கைதட்டியது. இஷ்பெல் சின்ன அறைக்கு ஓடி, கல் இருக்கையில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். இருட்டில் மூச்சிரைப்பும் உரசலும் கேட்டன. கல்லுக்குக் கல் கையால் பற்றி அவன் ஏறிக்கொண்டுதான் இருந்தான். வந்தே விடுவானோ?

பிறகு உரசல் நின்றது. ஒரு முனகல். கால்கள் சுவரை உதைக்கும் சத்தம். பாதி உயரத்தில் சிவந்த முகம் ஒன்று அவளை அண்ணாந்து பார்த்தது.

"என்ன, இளைப்பாறுறியா?"

"இல்ல. கொஞ்சம் யோசிக்கிறேன்."

"சிக்கிட்டே."

கீழே பெரிய கூச்சல். அவனுடைய கால்களும் கில்ட்டும் வெளியே எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அந்தக் கூச்சலிலிருந்தே இஷ்பெல் புரிந்துகொண்டாள்.

"நீ ரோரியை விட ஒல்லி" என்றாள். "உன் மாடிப்படியில அவன் படம் தொங்குதே, பீப்பாய் மாதிரி. நீயே போகாத ஓட்டையில அவன் எப்படிப் போனான்?"

"இஷ்பெல், இழுக்கச் சொல்லு."

"மோர்னா! அந்த சூப் ஆறிடுச்சா, இன்னும் சூடா இருக்கா?"

"ஐயோ, இரு இரு இரு! சொல்றேன்!"

அவன் சுற்றும் முற்றும் பார்ப்பது போல் கண்ணை உருட்டினான். குழாய் மாதிரி கல்லுக்குள் மாட்டிக்கொண்டவனை யார் ஒட்டுக் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் குரலைத் தாழ்த்தினான்.

"முற்றுகையே நடக்கல."

"என்னது?"

"சண்டையே கிடையாது. ரோரிக்கு இந்தக் கூரை ஒழுகறது தாங்கல. என் மூதாதை ஒருத்தன், லாக்லன்னு பேரு, கரையோரமா நல்ல காஞ்ச கல்வீடு கட்டி வச்சிருந்தான். ஆனா அவனுக்குக் கோட்டை ஆசை. ஒரு கோடை நாளாப் பாத்து, நல்ல வெயில்ல, ரோரி அவனைக் கூப்பிட்டு விருந்து வச்சான். கோட்டையை நீ எடுத்துக்கோ, அந்தக் குச்சு வீட்டை எனக்குக் குடு, வயசான காலத்துல படி ஏற முடியலன்னான். எங்காளு அங்கேயே கை குடுத்துட்டான்."

"கரையோரம்... எங்க வீடா?"

"உன் வீடுதான்."

இஷ்பெல் பிறந்த வீடு. அதன் கூரை எத்தனை புயலிலும் ஒரு சொட்டு விட்டதில்லை. கோட்டையை இழந்து இந்தக் கொட்டடியில் அடைந்து கிடக்கிறோமே என்று அவளுடைய அப்பா அங்கே உட்கார்ந்துதான் ஆயுள் பூராவும் புலம்பினார்.

"மொத மழையிலயே லாக்லனுக்குப் புரிஞ்சுபோச்சு. திருப்பி மாத்திக்கலாம்னு ஓடி வந்து கதவைத் தட்டியிருக்கான். ரோரி தெறக்கல. உள்ள இருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சாம்." நினியன் மூச்சு வாங்கினான். "அன்னியிலேர்ந்து எங்க வம்சத்துக்கு வேற வேலையே இல்ல இஷ்பெல். எங்கப்பா சாகற வாரம்கூட வாளியோடதான் மாடியில நின்னாரு. கல்யாணம், சுற்றுலா, கோப்பை, நான் பண்ற கோமாளித்தனம், எல்லாம் அந்தக் கூரைக்குள்ள போயிடுது. ஏமாந்தோம்னு வெளிய சொல்ல வெக்கம். அதுக்காக எங்க தாத்தா கட்டி விட்டதுதான் பாவாடைக் கதை. பையனுக்கு மீசை வந்ததும் அப்பா தனியாக் கூப்பிட்டு நெசத்தைச் சொல்லுவாரு. எனக்கும் அப்படித்தான் சொன்னாரு. நான் அழுதேன்."

இஷ்பெல் கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருஷமாகக் கோழையின் வம்சம் என்று தலை குனிந்தவள், சரியான திருட்டுப் பயலின் வம்சமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு கீழே பார்த்தபோது, அந்தச் சிவந்த முகம் பள்ளிக்கூடத்தில் அவளோடு பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்த பையனின் முகமாக இருந்தது. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"ஏண்டா, என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்டயா? அடுத்த ஸ்டாப்ல ஊருக்கே தெரிஞ்சிருக்கும்." நினியனின் கண்ணில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது. "ஆனா ஒண்ணு. இப்ப நீ கோட்டையைப் பிடிச்சுட்டே. நியாயமாப் பிடிச்சே, நூறு பேர் சாட்சி. உன்னுதுதான். வச்சுக்கோ. நான் உன் வீட்டுக்குப் போயிடறேன். இன்னிக்கே."

அவன் கேலி பண்ணவில்லை. குரலில் ஏக்கம் இருந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து மேற்கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இஷ்பெலின் பிடரியில் விழுந்து, சட்டைக்குள் முதுகோடு இறங்கியது. இன்னொன்று விழுந்தது.

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி அவள் ஓடிய ஓட்டத்தை மோர்னா பிறகு பல பேரிடம் நடித்துக் காட்டினாள். ரோரி ஓடியிருந்தால்கூட அவ்வளவு வேகமாக ஓடியிருக்க மாட்டானாம். "உள்ள வாங்க! எல்லாரும் உள்ள வாங்க! கோட்டை ஹால்ட்ரமோடதுதான்!" என்று கத்திக்கொண்டே இஷ்பெல் கிராதியைத் திறந்து, முதலில் தென்பட்ட போலீஸ்காரரின் கையில் சாவியைத் திணித்தாள்.

ஸ்ட்ரூவனின் நண்பர்கள் நினியனின் காலுக்கு இரண்டு பேராகப் பிடித்து இழுத்தார்கள். பாட்டிலிலிருந்து தக்கை வருவது போல் வந்தான். முழங்கையிலும் காதிலும் சிராய்ப்பு, மற்றபடி முழுசாக இருந்தான். மோர்னா அவனுக்கு சூப் கொடுத்தாள். உப்பைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

விருந்தில் இஷ்பெல் கோப்பையோடு எழுந்தபோது கிரேர் முகத்தை மூடிக்கொண்டாள். இஷ்பெல் மேஜைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"சொல்லட்டுமா?"

நினியன் நாப்கினால் காதை ஒற்றிக்கொண்டான். "சொல்லித் தொலை."

அவள் சொன்னாள். விருந்தையும் வெயிலையும் சொன்னாள், மூடிய கதவுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பையும் சொன்னாள். கூடம் அதிர்ந்தது. கில்ராய்கள் ஒருத்தர் முதுகில் ஒருத்தர் அடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா நாற்காலியிலிருந்து சரிந்து தூக்கி உட்கார வைக்கப்பட்டாள். கடைசியில் நினியனும் சிரித்துவிட்டான். தனியாகச் சுமந்ததை இறக்கி வைத்த ஆள் சிரிப்பது மாதிரி இருந்தது. பிறகு எழுந்து நின்று, "கில்ராய்கள் யாருக்காவது கோட்டை திரும்ப வேணும்னா இப்பவே குடுத்துடறேன்" என்றான்.

"வேண்டாம்!" என்று கில்ராய்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்த வம்சம் எதிலும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து இஷ்பெல் பார்த்ததில்லை.

ஸ்ட்ரூவன் மட்டும் சிரிக்கவில்லை. புதுப் பெண்டாட்டியின் கையைப் பிடித்தபடி உத்தரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். கிளாஸ்கோவில் அவனுக்குத் தொழிலே கூரைக்கு ஓட்டுக்கல் வேய்வதுதான்.

"ஒழுகறது அங்க இல்ல" என்றான் மெதுவாக. "எல்லாரும் தப்பான எடத்துல அடைச்சிருக்காங்க. தண்ணி புகைபோக்கிகிட்ட நுழையுது. உத்தரத்து மேலயே நடந்து வந்து இங்க விழுது."

"முன்னூறு வருஷமாவா?" என்றான் நினியன்.

"ஸ்ட்ரூவன்" என்றாள் கிரேர். "காலையில நமக்குப் படகு இருக்கு."

"சும்மா ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்."

மறுநாள் காலை கிரேர் பெட்டியோடு புல்வெளியில் நின்றபோது, அவள் புருஷன் கல்யாணச் சட்டையோடு கூரை உச்சியில் கவிழ்ந்து படுத்திருந்தான். கீழே ஏணியை ஒரு பக்கம் நினியனும் ஒரு பக்கம் இஷ்பெலும் பிடித்துக்கொண்டு, யார் சரியாகப் பிடிக்கவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, அவரை எறங்கச் சொல்லு! படகு கெளம்பிடும்!"

"இதோ எறங்கிடுவாண்டி. டேய் நினியன், ஆடாமப் பிடிடா, மேல இருக்கறது எங்க மாப்பிள்ளை!"

கிரேர் கடலைப் பார்த்தாள். படகு துறையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். ஷூவைக் கழற்றினாள். இரண்டு பேரையும் விலக்கிவிட்டு ஏணியில் காலை வைத்தாள்.

"இறக்கிக் கூட்டிட்டு வரப் போறியா?" என்றாள் இஷ்பெல்.

"திட்டப் போறேன்" என்றாள் கிரேர். "அந்தச் சுத்தியலை எடுத்துக் குடு. மேல கேக்கறாரு."